எழுத்தும் மடிப்பும்: உயிரணுவின் கதி பற்றிய ஒரு வரலாறு

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, தொண்டை மண்டலத்துச் சமணப் பள்ளிகள் என்று ஒரு வட்டத்துக்குள்தான் இருக்கும். "நயினார் எழுதினால் திருமலை, இல்லாவிட்டால் மேல்சித்தாமூர்" என்று நண்பர்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். இம்முறை அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கிறேன். நம் உடம்பின் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு நூலைப் பற்றியும், அந்த நூல் மடியும் விதத்தில் செல்லின் கதியே மாறுகிறது என்று மனிதன் கண்டுகொண்ட வரலாற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, 1981-ல் நாகபுரிக்கு வந்து, இத்வாரியில் நூல் கடை வைத்தவன் நான். நாற்பது வருஷத்துக்கு மேலாக நூலைச் சிட்டமாகவும் கண்டாகவும் விற்றுப் பிழைக்கிறேன். விஞ்ஞானம் முறையாகப் படித்ததில்லை. ஆனால் நூலில் சிக்கு எடுக்கத் தெரியும். நம் சங்கத்துக்கு வருகிற ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்து, நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். பிழை இருந்தால் அது என் பிழை.

"எல்லாம் நசீப், சேட்ஜி"

எங்கள் கடையில் இருபது வருஷமாக மூட்டை இறக்குகிற ஒருவர் இருக்கிறார். கட்சிரோலிப் பக்கத்துக்காரர். நான் ஜைனன் என்பதால் என்னை 'சேட்ஜி' என்றுதான் கூப்பிடுவார். தமிழ் பேசும் ஜைனர் உண்டு என்பதை அவருக்குப் புரியவைக்கவே எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று! அவருடைய மகள் என்னை 'ஆஜோபா' என்பாள். மராட்டியில் தாத்தா. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில், அப்போது எட்டு வயதிருந்த அந்தப் பெண்ணுக்குக் கை கால் எலும்பெல்லாம் தாங்க முடியாத வலி. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து 'சிக்கிள் செல்' என்றார்கள். தமிழில் அரிவாள் அணு சோகை என்பார்கள். விதர்ப்பாவில் இந்த நோய் நிறைய.

அப்பன்காரர் என்னிடம் வந்து, "எல்லாம் நசீப், சேட்ஜி" என்றார். நாம் தலையெழுத்து என்று சொல்கிறோமே, அதுதான். நான் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். அவரும் ஒருவகையில் அதையேதான் சொன்னார்: "ஒரே ஒரு எழுத்து தப்பா இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்திருக்கு." பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பிறந்து ஆறு மாசம் வரைக்கும் இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் இருந்திருக்காது. அப்போ வேற ஒரு நல்ல மரபணு வேலை செஞ்சுது."

"அது இப்ப எங்கே போச்சு டாக்டர்?"

"எங்கேயும் போகலை. அங்கேயேதான் இருக்கு. மூடிக்கிடக்கு."

நல்ல எழுத்து உள்ளேயே இருக்கிறது, ஆனால் படிக்கப்படவில்லை. அப்படியானால் தலையெழுத்து என்பது எழுத்து மட்டும்தானா? இந்த ஒரு கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துப் போட்டது.

இரண்டு மீட்டர் நூல்

முதலில் அளவு. நம் செல்லின் நடுவே உட்கரு இருக்கிறது. அதற்குள் 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் ஒரே நீள இழை. இந்த 46 இழைகளையும் நீட்டி முனைக்கு முனை வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். உட்கருவின் குறுக்களவோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறேழு பங்குதான்.

என் தொழில் கணக்கில் சொல்கிறேன். எல்லாவற்றையும் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கினால் உட்கரு கிரிக்கெட் பந்து அளவுக்கு வரும். அதற்குள் இருக்கும் நூல் 20 கிலோமீட்டர்! ஒரு சிட்டத்துக்கு 840 கஜம் என்ற பழைய கணக்கில் 26 சிட்டம். நாம் விற்கிற 40-ம் நம்பர் நூலைவிட ஏழெட்டு மடங்கு மெல்லிய இழை. இதைப் பந்துக்குள் திணிப்பது பெரிய காரியமில்லை. வேண்டிய இடத்தை வேண்டியபோது எடுத்துப் படிக்கும்படி, முடிச்சு விழாமல் திணிப்பதுதான் காரியம்.

இந்தப் பொருளுக்கு 'குரோமாட்டின்' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியரான வால்தர் பிளெம்மிங். 1880 வாக்கில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நிறம் பிடித்ததால் அந்தப் பெயர். 1885-ல் கார்ல் ராபிள் என்பவர், சாலமாண்டர் செல்களைப் பார்த்துவிட்டு, குரோமோசோம்கள் உட்கருவுக்குள் தாறுமாறாகக் கிடக்கவில்லை, ஓர் ஒழுங்கில் இருக்கின்றன என்றார். 1909-ல் தியோடர் பொவேரி, குதிரைக் குடற்புழுவின் முட்டைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் உட்கருவில் சொந்த எல்லை உண்டு என்று எழுதினார்.

பின்னால் வந்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எல்லாம் குழம்பிக் கிடப்பது போலத் தெரிந்ததால், கிண்ணத்தில் போட்ட சேமியா மாதிரிதான் என்று பலரும் நினைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் கிரேமர், கிறிஸ்டோப் கிரேமர் என்ற சகோதரர்கள், ஒருவர் மருத்துவம் படித்தவர், மற்றவர் இயற்பியலாளர், ஒரு சோதனை செய்தார்கள். உட்கருவின் ஒரே ஒரு புள்ளியில் புறஊதா லேசர் கதிரைப் பாய்ச்சினார்கள். சேமியாவாக இருந்தால் எல்லாக் குரோமோசோம்களிலும் காயம் பட்டிருக்க வேண்டும். பட்டதோ சிலவற்றில் மட்டும். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு பொவேரி சொன்னது சரியாயிற்று.

ஒரே ஏடு, வேறு வேறு வாசிப்பு

தாயின் வயிற்றில் ஒரே செல்லாகத் தொடங்குகிறோம். அதுவே பிரிந்து பிரிந்து தோலாகிறது, எலும்பாகிறது, மூளையாகிறது. ஒரு செல் என்னவாக ஆகப்போகிறது என்பதை விஞ்ஞானிகள் செல்லின் விதி என்கிறார்கள். எனக்குக் 'கதி' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. போகும் வழி, சேரும் இடம் என்ற இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன.

தோலாகப் போன செல், எலும்புக்கான எழுத்துக்களைத் தொலைத்துவிடுகிறதா? ஒரு காலத்தில் அப்படியும் நினைத்தார்கள். 1962-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன், தவளைக் குஞ்சின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார். அவற்றில் சில முழுத் தவளைகளாக வளர்ந்தன. குடல் செல்லுக்குள் தவளை முழுவதும் எழுதப்பட்டே இருந்தது; எந்த ஏடும் தொலையவில்லை. 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி, எலியின் முதிர்ந்த செல்லைக் கருவின் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார். 2012-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தவளை, எலி என்று எழுதும்போது என் கை கூசுகிறது. பிறப்பிலிருந்து உயிர்க்கொலை கூடாது என்று வளர்ந்தவன். இந்த அறிவு எந்த விலையில் வந்தது என்பதை மறைத்துவிட்டு எழுதுவது அதைவிடத் தப்பு என்று தோன்றியதால் சொல்லிவிட்டேன்.

ஏடு தொலையாமல் மூடிக்கிடக்கும் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி பூனை. 1949-ல் கனடாவில் முர்ரே பார், எவர்ட் பெர்ட்ராம் இருவரும் பெண் பூனையின் நரம்புச் செல்லில் மட்டும் ஒரு சிறு கறுப்புப் பொட்டைக் கண்டார்கள். அது இறுக்கிச் சுருட்டி மூடப்பட்ட ஓர் எக்ஸ் குரோமோசோம் என்பது பிறகு தெளிவாயிற்று. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடிவிடுகிறது, எதை மூடும் என்பது செல்லுக்குச் செல் மாறும் என்று 1961-ல் இங்கிலாந்தின் மேரி லயன் சொன்னார். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கும் பெண் பூனையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கறுப்புத் திட்டில் ஓர் எக்ஸ் மூடியிருக்கிறது, செம்மஞ்சள் திட்டில் மற்றது. எழுத்து இரண்டிலும் ஒன்றேதான்.

எங்கள் வீட்டில் சுருத பஞ்சமி அன்று பரணிலிருந்து ஏட்டுக் கட்டுகளை இறக்கித் தூசு தட்டுவார்கள். வருஷம் முழுக்கக் கட்டி வைத்திருந்த ஏட்டில் எழுத்தெல்லாம் அப்படியேதான் இருக்கும். அவிழ்த்தால்தான் படிக்கலாம். அதற்காக, இதெல்லாம் நம் ஆகமத்தில் முன்பே இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒப்புமை ஒப்புமைதான்.

இரத்தத்தில் ஒரு பாடம்

இனி அந்தப் பெண்ணின் நோய்க்கு வருகிறேன். 1910-ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவ மாணவரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கண்டு எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங் குழுவினர் கோளாறு ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 1956-57-ல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம், 146 கண்ணிகள் கொண்ட பீட்டா சங்கிலியில் ஆறாவது கண்ணி ஒன்று மட்டும் மாறியிருக்கிறது என்று கண்டார். டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்துப் பிழை.

இந்தியாவில் இந்த அணு முதன்முதலாகப் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரி மலைக்குடிகளிடம் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் கண்டார்கள். இது அயலார் நோய் என்று நாம் நினைப்பதற்கில்லை.

இதற்கெல்லாம் நடுவே 1948-ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நோய் உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த புதிதில் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவு. தாய் வயிற்றில் இருக்கும்போது வேலை செய்யும் கரு ஹீமோகுளோபின் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரி. எங்கள் மருத்துவர் சொன்ன 'நல்ல மரபணு' இதுதான்.

நம் 11-ம் குரோமோசோமில் இந்த வகை மரபணுக்கள் ஐந்து ஒரே வரிசையில் இருக்கின்றன. முதலில் இளங்கருவுக்கானது, அடுத்து கருவுக்கான காமா இரண்டு, பிறகு டெல்டா, கடைசியில் நமக்கு ஆயுள் முழுக்க வேண்டிய பீட்டா. வரிசை எப்படியோ, வயதும் அப்படியே. குழந்தை பிறக்கும் சமயத்தில் காமா அடங்கி பீட்டா எழும்புகிறது. பிழை இருப்பது பீட்டாவில். அதனால்தான் ஆறு மாதம் கழித்து நோய் தலைகாட்டுகிறது.

இந்த ஐந்துக்கும் முன்னால், தூரத்தில், ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. அதன் ஆற்றலை 1987-ல் பிராங்க் கிராஸ்வெல்ட் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். அதை மெயின் ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சுக்கும் பீட்டாவுக்கும் இடையே சுமார் 50 ஆயிரம் எழுத்துத் தூரம். அத்தனை தூரத்திலிருந்து எப்படி விளக்கு எரிகிறது? நூல் வளைந்து கண்ணி போட்டு, ஸ்விட்சும் மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் எரியலாம். இது அப்போது ஊகம்தான்.

மடிப்பைப் பார்த்தவர்கள்

2002-ல் வழி பிறந்தது. ஹார்வர்டில் நான்சி கிளெக்னர் ஆய்வகத்தில் இருந்த யோப் டெக்கர் ஒரு முறையை வெளியிட்டார். எங்கள் பாஷையில் சொன்னால் ரொம்ப எளிது. சிக்கிக் கிடக்கும் நூலில் எங்கெங்கே இரண்டு இழைகள் தொட்டுக்கொள்கின்றனவோ அங்கே பசை போட வேண்டும். பிறகு கத்தரியால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் துண்டுகள் எவை எவை என்று பார்த்தால், உள்ளே எது எதைத் தொட்டுக்கொண்டு இருந்தது என்பது தெரிந்துவிடும். பசைக்கு அவர்கள் பயன்படுத்தியது பார்மால்டிஹைடு, கத்தரிக்கு ஒரு நொதி. அதே ஆண்டிலேயே கிராஸ்வெல்ட்டோடு வேலை செய்த நெதர்லாந்துக்காரர்கள் எலிச் செல்லில் ஸ்விட்சும் பீட்டாவும் உண்மையிலேயே தொடுகின்றன என்று காட்டினார்கள். இரத்தச் செல்லில் கண்ணி இருந்தது. அந்த மரபணு வேலை செய்யாத மூளைச் செல்லில் கண்ணி இல்லை.

2009-ல் டெக்கரோடு எரெஸ் லீபர்மன் ஐடன், எரிக் லேண்டர் முதலானோர் சேர்ந்து இந்த முறையை மொத்த மரபுத் தொகுதிக்கும் விரித்தார்கள். திறந்த பகுதிகள் ஒருபக்கமும் மூடிய பகுதிகள் ஒருபக்கமும் சேர்ந்து கிடப்பது தெரிந்தது. முடிச்சே விழாமல் மடிந்திருக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதைப் படித்தபோது, நாற்பது வருஷம் சிக்கு எடுத்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2012-ல் வேறு வேறு குழுக்கள், இழை பல வட்டாரங்களாகப் பிரிந்திருப்பதைக் கண்டன. ஒரு வட்டாரத்து ஸ்விட்ச் பெரும்பாலும் அந்த வட்டாரத்து மரபணுவையே தொடும். வட்டாரங்களுக்கு இடையே எல்லைக் கற்களும் உண்டு.

மடிப்பைக் கையால் போட்டவர்கள்

ஆனால் அன்பர்களே, இங்கே ஒரு பழைய சிக்கல். கோழி கூவுகிறது, பொழுது விடிகிறது. கூவியதால் விடிந்ததா? கண்ணி இருக்கும் இடத்தில் மரபணு வேலை செய்கிறது. கண்ணியால் வேலை செய்கிறதா, வேலை செய்வதால் கண்ணி விழுகிறதா? பார்த்துக்கொண்டே இருந்தால் இதற்கு விடை கிடைக்காது. மடிப்பைக் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் கெர்ட் புளோபெல், அவரோடு வுலான் டெங் முதலானோர். 2012-ல், கண்ணி போட முடியாதபடி ஒரு முக்கியப் புரதம் இல்லாத எலிச் செல்லை எடுத்துக்கொண்டார்கள். கண்ணியை இணைக்கும் இன்னொரு புரதத்தை, குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும் செயற்கைக் கொக்கி ஒன்றில் மாட்டி, பீட்டா மரபணுவின் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணி விழுந்தது. மரபணு விழித்துக்கொண்டது. முதலில் மடிப்பு, பிறகு வாசிப்பு!

2014-ல் அதே குழுவினர் செய்ததுதான் எனக்குப் பெரிது. வயது வந்த மனிதரின், சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருந்த செல்களில், அதே மாதிரியான கொக்கியைக் காமா மரபணுவின் வாசலில் வைத்தார்கள். ஸ்விட்ச் பீட்டாவை விட்டுக் காமாவின் பக்கம் வளைந்தது. என்றோ மூடிப்போன கரு மரபணு திறந்தது. அந்த வகை மொத்த உற்பத்தியில் சுமார் 85 சதவீதம் காமாவாக ஆயிற்று. பீட்டா அந்த அளவுக்குக் குறைந்தது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. மடிப்பு மாறியது, செல் தன் குழந்தைப் பருவத்து வேலையை மறுபடி செய்தது.

மருத்துவர் சொன்ன "அங்கேயேதான் இருக்கு" என்ற வார்த்தைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதைப் படித்த இரவு, மூட்டை இறக்குகிறவரின் பெண்ணை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மடிப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2015-ல் பெர்லினில் ஸ்டெபான் முண்ட்லோஸ் குழுவினர், பிறவியிலேயே விரல் குட்டையாகவோ ஒட்டியோ கூடுதலாகவோ இருந்த சில குடும்பங்களை ஆராய்ந்தார்கள். காரணம், மேலே சொன்ன எல்லைக்கல் ஒன்று பெயர்ந்துபோயிருந்தது. அதனால் அடுத்த வீட்டு ஸ்விட்ச் நம் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டது. எலியில் அதே எல்லையைக் குலைத்தபோது அதன் விரல்களும் அப்படியே கெட்டன.

எதிர்பாராத விடை

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் வரலாறு எழுதுகிறவன் பாதகமான சாட்சியையும் வைக்க வேண்டும்.

கண்ணிகள் எப்படி விழுகின்றன? கோஹெசின் என்ற மோதிரம் போன்ற புரதம் இழையைப் பிடித்து, குரோஷா ஊசி மாதிரி கண்ணியாக இழுத்துக்கொண்டே போகிறது. சி.டி.சி.எப். என்ற புரதம் உட்கார்ந்திருக்கும் எல்லையில் நிற்கிறது. இழுக்கும் இந்த வேலையை இதன் உறவுப் புரதம் ஒன்றில் 2018-லும், கோஹெசினிலேயே 2019-லும் நுண்ணோக்கியில் நேராகவே பார்த்துவிட்டார்கள். 2017-ல் ஐடன் குழுவினர், செடிகளில் இருக்கும் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சேர்த்தால் கோஹெசின் அழியும்படி மனிதச் செல்லை அமைத்தார்கள். ஆக்சினைச் சேர்த்ததும் கண்ணி வட்டாரங்கள் எல்லாம் அவிழ்ந்தன. ஆக்சினை எடுத்ததும் திரும்ப வந்தன. ஆனால் கண்ணி எல்லாம் போன அந்தச் சில மணி நேரத்தில் பெரும்பாலான மரபணுக்களின் வேலை பெரிதாக மாறவில்லை!

அப்படியானால் மடிப்புக்கு மதிப்பில்லையா? 2018-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. கோஹெசின் இழந்த எலியின் தற்காப்புச் செல்கள் ஏற்கனவே செய்த வேலையை ஓரளவு செய்துகொண்டுதான் இருந்தன. கிருமியின் அடையாளம் வந்து, புதிய மரபணுக்களை எழுப்ப வேண்டியபோதுதான் தடுமாறின. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: நேர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் கொஞ்ச நேரம் இல்லாவிட்டாலும் ஓடும், திருப்பத்தில்தான் தெரியும். செல் கதி மாறும் இடம் திருப்பம். மடிப்பு எல்லாம் அல்ல. ஆனால் திரும்பும் இடத்தில் மடிப்பு வேண்டும். எந்த மரபணுவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

நமக்கு என்ன?

மடிப்பை நேரடியாக மாற்றும் கொக்கி முறை ஆய்வகத்தில் பிறந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. ஆனால் மூடிய காமாவைத் திறக்க வேண்டும் என்ற அதே எண்ணம் வேறு வழியில் சிகிச்சையாகிவிட்டது. காமாவை அடக்கி வைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற புரதத்தின் பங்கு 2008-ல் தெரியவந்தது. எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களை எடுத்து, அந்தப் புரதத்துக்கான ஸ்விட்சை வெட்டிவிட்டுத் திரும்ப உடம்பில் செலுத்தும் 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். மூட்டை இறக்குகிறவரின் மகளுக்கு அது வானத்து நிலா.

அவளுக்குக் கிடைத்தது பழைய மாத்திரை, ஹைட்ராக்சியூரியா. அதுவும் கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டுகிறது. வழி வேறு, எண்ணம் அதேதான். மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறாள். அடிக்கடி வந்த வலி குறைந்து பள்ளிக்குப் போகிறாள். முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். போன குளிரிலும் இரண்டு நாள் படுத்தாள்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. பிழை ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை, தாங்கி மட்டும்தான். இருவரும் தாங்கிகளாக இருந்தால் ஒவ்வொரு பேறிலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறோம். ஓர் இரத்தச் சோதனையும் பார்த்தால் என்ன? தலசீமியா தாங்கிகளும் அதே வகைச் சோதனையில் தெரிந்துவிடுவார்கள்.

அந்தத் தகப்பனார் இப்போதும் சில நாள் "நசீப்" என்பார். நான் முன்பு போல வாயடைத்து நிற்பதில்லை. "எழுத்து ஒண்ணு இருக்கு பாவு, அதை எப்படி மடிச்சிருக்குங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது நசீப் இல்லை, அதுல கை வைக்கலாம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் சொல்கிறேன். அவருக்கு எவ்வளவு புரிகிறதோ தெரியவில்லை. மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிடுவதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வருகிற பொங்கல் விழாவன்று காலையில், பாட்டுப் போட்டிக்கு முன்னால், நம் இளைஞர்களுக்கும் கடைகளில் வேலை செய்பவர்கள் குடும்பத்துக்கும் சேர்த்து ஓர் இரத்தப் பரிசோதனை முகாம் வைக்கலாம். செலவில் பாதியை நான் தருகிறேன்.